முதன்முதலாகத் தேன் எடுக்கப் போகிறவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் வழியில் இருக்கிறது. மாவும் தென்னையும், வரப்போரத்தில் புளியும் புங்கனும். அந்த நிழலில் பன்னிரண்டு தேன் பெட்டிகள் வைத்திருக்கிறோம். பங்குனி பிறந்துவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்களில் புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நம் ஊர் இந்தியத் தேனீக்கு, அதாவது அடுக்கடுக்காக அடை கட்டும் பொந்துத் தேனீக்கு உரியது. அதை, அடை கட்டுவதற்கு ஏழு மரச்சட்டங்கள் கொண்ட நியூட்டன் பெட்டியில் வளர்க்கிறோம். 1910களில் பாதிரியார் நியூட்டன் இந்தச் சிறிய தேனீக்கென்றே அளவெடுத்து அமைத்த பெட்டி அது. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். தேனைக் கெடுப்பது தண்ணீர். முதிராத அடையில் இருக்கும் தண்ணீரும் அதுதான், கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத வாளியின் அடியில் நிற்கும் தண்ணீரும் அதுதான். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியவை.

நம் மாவட்டங்களில் தேன் எடுக்க ஏற்ற மாதம் எது?

நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தையிலும் மாசியிலும் மா பூக்கிறது. கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம் என்பதால் மாம்பூவில்தான் தேன் கொட்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பெட்டிகளில் அப்படி நடந்ததில்லை. மா பூக்கும் காலத்தில் தேனீக் குடும்பம் பெருகுகிறது, புழு வளர்ப்பு கூடுகிறது. பெட்டியில் தேன் சேரும் மேல் அடுக்கு நிரம்புவது அதற்குப் பிறகுதான். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும் பூக்கின்றன. வைகாசி, ஆனியில் புளி பூக்கிறது. தென்னை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கள் அறுவடை பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை இரண்டு அல்லது மூன்று தடவையாக நடக்கிறது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பேயெள்ளு விதைக்கும் ஊர்களிலும், அரூர்ப் பக்கம் கொள்ளு விதைக்கும் மானாவாரி நிலங்களிலும் மழை ஓய்ந்த பிறகு இன்னொரு பூக்காலம் உண்டு. அந்தத் தேனைத் தேனீக்கே விட்டுவிடச் சொல்வேன். அடைமழையில் வெளியே போக முடியாமல் மெலிந்த குடும்பம் அதைத் தின்றுதான் தேறுகிறது.

அடை கனமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

கனத்தை நம்பாதீர்கள். தேனீ பூவிலிருந்து கொண்டுவரும் மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை வாயில் வைத்து மாற்றி மாற்றி, இறகால் விசிறி, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் வற்றிய பிறகுதான் அறையின் வாயை மெழுகால் மூடுகிறது. அந்த வெள்ளை மூடிதான் தேனீ நமக்குக் கொடுக்கும் அனுமதி. ஓர் அடையின் இரண்டு பக்கமும் முக்கால் பங்காவது மூடியிருந்தால் எடுக்கலாம். மூடாத மீதிக்கு ஒரு சோதனை உண்டு. சட்டத்தைப் படுக்கை வசமாகப் பிடித்து ஒரு முறை சட்டென்று உதறுங்கள். துளி தெறித்தால் அது இன்னும் தேன் ஆகவில்லை, திருப்பி வைத்துவிடுங்கள்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி இருந்தால் ஒரு துளித் தேனை அதன் கண்ணாடியில் தடவி, வெளிச்சத்தில் பார்த்தவுடன் அளவு தெரிந்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

நான் முதல் ஆண்டில் இந்தப் பொறுமையைக் காட்டவில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று, பாதிகூட மூடாத நான்கு சட்டங்களை எடுத்து, தேன் எடுக்கும் எந்திரத்தில் வைத்துச் சுற்றிவிட்டேன். தேன் தண்ணீர் போல ஒழுகியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, சித்திரை வெயிலில் அலமாரியைத் திறந்தபோது கள் வாசம் அடித்தது. பாட்டிலின் கழுத்து வரை நுரை. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறி, நுரை வழிந்து கையெல்லாம் ஒட்டியது. தண்ணீர் மிகுந்த தேனில் ஈஸ்ட் வளர்ந்து புளித்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் தேனீக்கள் பல வாரம் உழைத்ததைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டினேன். அன்றிலிருந்து மூடாத அடையை நான் தொடுவதில்லை.

மாந்தோப்பில் மருந்து அடித்திருக்கிறார்கள். அந்தத் தேனை எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். தத்துப்பூச்சிக்காக மாம்பூவுக்கு மருந்து அடிப்பது நம் பக்கம் வழக்கம். பெட்டி வைத்திருப்பவர் தோப்புக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் வழி. பூ முழுதாக விரிவதற்கு முன் அடிக்கச் சொல்லலாம். அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிக்கச் சொல்லலாம். “உங்கள் காய்ப்புக்கும் தேனீ உதவும், அண்ணா” என்று சொல்லிக் கேட்டால் காது கொடுக்காதவர்கள் குறைவு. எங்கள் பக்கத்துத் தோப்பு அண்ணன் இப்போதெல்லாம் மருந்து கலக்கும் முன் என்னிடம் சொல்லி அனுப்புகிறார். முடிந்தால் முதல்நாள் இரவே பெட்டிகளை வேறிடம் மாற்றிவிடுவோம். ஆனால் நாலு அடி தள்ளி வைத்துப் பயனில்லை. மூன்று கிலோமீட்டராவது தள்ளிப் போக வேண்டும். இல்லாவிட்டால் தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்கும்.

பெட்டி வாசலில் தேனீக்கள் கும்பலாகச் செத்து, நாக்கை நீட்டியபடி கிடந்தால் அந்த முறை மேல் அடுக்கில் உள்ளதை மனிதர் சாப்பிடுவதற்கு எடுக்காதீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

முகவலை, புகைப்பான், சட்டத்தை நெம்பும் உளி, மெல்லிய பிரஷ், மூடி சீவும் கத்தி இரண்டு, சட்டங்களை உள்கூடையில் வைத்துச் சுற்றித் தேன் எடுக்கும் எந்திரம், வடிகட்டி, மூடியுள்ள வாளி. சட்டங்களை வைத்து எடுத்து வர ஒரு மூடிய பெட்டி அல்லது ஈரத்துணி போர்த்திய டப்பா கட்டாயம் வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

எந்திரம் எவர்சில்வரில் இருக்க வேண்டும். தேன் புளிப்புத்தன்மை உடையது. துத்தநாகம் பூசிய தகரத்திலும் இரும்பிலும் நின்றால் உலோகத்தை அரித்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், நிறமும் ருசியும் மாறும். பழைய தகர எந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டு பெட்டி வைத்திருப்பவர் தனியாக எந்திரம் வாங்க வேண்டியதில்லை, ஊருக்கு ஒன்று போதும். ஆனால் இரவல் எந்திரத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

பயிற்சி வேண்டுமானால் தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எந்த நேரத்தில் எடுப்பது? தேனீயை அடையிலிருந்து எப்படி விலக்குவது?

வெயில் ஏறி, வயதான தேனீக்கள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும் காலை ஒன்பது, பத்து மணி எனக்குப் பிடித்த நேரம். மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள், எல்லாத் தேனீயும் உள்ளேயே இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

புகைப்பானில் காய்ந்த தென்னை நாரோ வறட்டித் துண்டோ போடுங்கள். உரம், மருந்து வந்த சாக்கைக் கிழித்துப் போட வேண்டாம். வாசலில் இரண்டு ஊது, மேல்மூடியைத் திறந்ததும் ஓர் ஊது. அதற்கு மேல் போனால் தேனில் புகை வாசம் ஏறிவிடும். சட்டத்தை மெல்லத் தூக்கி, பெட்டிக்கு மேலேயே பிடித்து ஒரு குலுக்கு. மீதித் தேனீக்களை ஈரமில்லாத பிரஷால் கீழ்நோக்கித் தள்ளிவிட்டால் போதும். உடனே சட்டம் மூடிய பெட்டிக்குள் போக வேண்டும். திறந்த சட்டத்தை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனீர்களானால், திரும்பிப் பார்க்கும்போது அதில் அடுத்த பெட்டித் தேனீ நூறு உட்கார்ந்திருக்கும்.

கீழ் அடுக்கிலும் தேன் இருக்கிறதே, அதையும் எடுக்கலாமா?

கூடாது. கீழே இருப்பது புழு அறை. அங்கே விளிம்பில் உள்ள தேன் அவர்களுடைய சாப்பாடு. அந்த அடையைச் சுற்றினால் முட்டையும் புழுவும் தேனோடு கலந்துவிடும். அதோடு இந்தியத் தேனீ ரோஷக்காரி. உணவு முழுவதையும் பறித்துவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஓடிவிடும். மேல் அடுக்கிலும் ஓரிரு சட்டங்களை நான் விட்டுத்தான் வைக்கிறேன். மேல் சட்டத்தில் புழு தென்பட்டாலும் அதைச் சுற்றாதீர்கள். ராணி மேலே ஏறியிருக்கிறாள் என்று பொருள். அடுத்த முறை இடையில் சல்லடைத் தடுப்பு வையுங்கள்.

மூடியைச் சீவுவது எப்படி? எனக்கு அடையே சிதைந்துவிடுகிறது.

கத்தி சூடாக இருக்க வேண்டும், ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் இரண்டு கத்திகளைப் போடுங்கள். ஒன்றை எடுத்து, சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடையுங்கள். ஒரு சட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப வெந்நீரில் போட்டு அடுத்ததை எடுங்கள். துடைக்காத கத்தி ஒவ்வொரு சீவலுக்கும் சில துளித் தண்ணீரைத் தேனில் சேர்க்கிறது.

சட்டத்தை ஒரு தாம்பாளத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல் முனையைச் சீவும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். கத்தியைக் கீழிருந்து மேலாக, ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் சிறிது அசைத்தபடி நகர்த்துங்கள். அழுத்த வேண்டாம், சூடு தன் வேலையைச் செய்யும். மெழுகு மூடி மெல்லிய தோசை போலச் சுருண்டு தாம்பாளத்தில் விழும். அதன் அடியில் அறுகோண அறைகள் ஒவ்வொன்றும் பளபளவென்று நிறைந்திருக்கும். பள்ளமான இடங்களில் கத்தி எட்டாது. அங்கே ஒரு முள்கரண்டியால் மூடியை மட்டும் கீறிவிட்டால் போதும்.

எந்திரத்தில் சுற்றும்போது அடை உடைகிறது. ஏன்?

முதல் சுற்றிலேயே வேகம் கூட்டிவிடுகிறீர்கள். வெளிப்பக்கம் காலியாகும்போது உள்பக்கத்து அறைகளில் உள்ள முழு எடையும் நடு மெழுகுச் சுவரை வெளியே தள்ளுகிறது. அதனால் மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்தில் பாதித் தேனை எடுங்கள். சட்டங்களைத் திருப்பி மறுபக்கத்தை முழுதாக எடுங்கள். பிறகு மறுபடி திருப்பி முதல் பக்கத்தில் மீதியை எடுங்கள். எடை ஒத்த சட்டங்களை எதிரெதிராக வையுங்கள், இல்லாவிட்டால் எந்திரம் ஆடும். அந்த ஆண்டு புதிதாகக் கட்டிய அடை பச்சைப்பிள்ளை உடம்பு போல. அதற்கு இன்னும் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

நல்ல அடையைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுப்பதுதான் எந்திரத்தின் பயனே. மெழுகு சுரக்கத் தேனீ நிறையத் தேனைச் செலவழிக்கிறது. கட்டிய அடை திரும்பக் கிடைத்தால் அடுத்த நாளே நிரப்பத் தொடங்கிவிடும்.

எந்திரம் கிடைக்கவில்லை. பிழிந்து எடுக்கலாமா?

ஒன்றிரண்டு அடை என்றால் துண்டு துண்டாக அறுத்து, வடிகட்டியில் வைத்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, தானாக வடிய விடுங்கள். கையால் பிசையாதீர்கள். மகரந்தமும் மெழுகுத் தூளும் கலந்து கலங்கிவிடும்.

எடுத்த தேனைக் காய்ச்ச வேண்டுமா?

வேண்டாம். முதிர்ந்த தேனுக்குக் காய்ச்சத் தேவையில்லை, முதிராத தேன் காய்ச்சுவதால் முதிர்ந்துவிடாது. சூடு ஏற ஏற வாசனை போய், நிறம் கறுத்து, தரம் குறைகிறது. முதலில் எவர்சில்வர் சல்லடையிலும் பிறகு நைலான் துணியிலும் வடிகட்டி, மூடிய வாளியில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். காற்றுக்குமிழும் மெழுகுத் தூளும் மேலே வந்து படியும். அதைக் கரண்டியால் வழித்துவிட்டுக் குழாய் வழியாகக் கீழிருந்து பாட்டிலில் பிடியுங்கள். வாளி மூடாமல் கிடந்தால் தேன் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தேன் வடித்த காலி அடைகளைத் திரும்பக் கொடுப்பது எப்போது?

அன்றே, பொழுது சாய்ந்த பிறகு. பகலில் கொடுத்தால் தேன் வாசம் பரவி, மற்றப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். வாசலில் சண்டை மூண்டால் பலவீனமான குடும்பம் அன்றே அழிந்துவிடக்கூடும். அன்று மாலை வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்கி வையுங்கள். பெட்டிக் கால்களின் அடியில் உள்ள எறும்புக் கிண்ணங்களில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேன் எடுத்த அன்று எறும்பு எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

பருவம் முடிந்து, சேமித்து வைக்க வேண்டிய அடைகளுக்கு எதிரி மெழுகு அந்துப்பூச்சி. ஒரே மாதத்தில் அடையைச் சிலந்திவலை போலாக்கிவிடும். தேனீயை விட்டு நக்கி உலர்த்தச் செய்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு பையைப் பிரிக்காமல் எடுத்து வைக்கலாம். அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். அதன் வாசமும் நஞ்சும் மெழுகில் ஏறி அடுத்த ஆண்டுத் தேனுக்கு வந்துவிடும். கறுத்துப்போன பழைய அடையைச் சேமிக்க வேண்டாம், உருக்கிவிடலாம்.

எந்திரத்தைக் கழுவுவது எப்படி? வெந்நீர் ஊற்றினேன், மெழுகு எல்லாம் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பக்கத்தில் அதிகம் பேருக்குப் பயன்படப் போகும் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். தேன் எடுப்பது எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருக்கிறது, கழுவும் நேரத்தில் யாரும் இருப்பதில்லை.

முதலில் தண்ணீரே இல்லாமல் தொடங்குங்கள். எந்திரத்தைக் குழாய்ப்பக்கம் சாய்த்து வெயில் படும் அறையில் ஓரிரு மணி நேரம் விட்டால், சுவரில் ஒட்டிய தேன் இறங்கி ஒரு டம்ளராவது சேரும். ரப்பர் கரண்டியால் வழித்தால் இன்னும் கொஞ்சம் வரும். அதன் பிறகு பச்சைத் தண்ணீர். வெந்நீர் அல்ல, பச்சைத் தண்ணீர். தேன் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். மெழுகு கரையாது, ஆனால் குளிர்ந்து கெட்டியாகத் தூள் தூளாக மிதக்கும், சல்லடையால் அள்ளிவிடலாம். மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றினால் தூள் முழுவதும் உருகி, எந்திரத்தின் சுவரெங்கும் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்ளும். பிறகு ஆறியதும் நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். அடியில் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

ஆக, குழாயை மூடி, பாதி அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, கூடையைச் சுற்றிவிட்டு, அரை மணி நேரம் ஊற விடுங்கள். சல்லடை வைத்து வடியுங்கள். மறுபடி ஒரு முறை. கையால் தடவினால் பிசுக்கு இல்லை, மெழுகுத் தூள் தட்டுப்படவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் வெந்நீர். அப்போது வெந்நீர் எஞ்சிய படலத்தை எடுத்துவிடும். கூடையின் கம்பி மூலைகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். குழாயைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். மரைக்குள் நிற்கும் ஒரு சொட்டுப் பழைய தேன் புளித்து அடுத்த ஆண்டுத் தேனுக்கு வித்தாகிவிடும். சோப்பு தேவைப்பட்டால் வாசனையில்லாததை மிகக் குறைவாகப் போட்டு நன்றாக அலசுங்கள். மரச்சட்டத்துக்கும் பெட்டிக்கும் சோப்புத் தூள் கூடவே கூடாது. உளியால் சுரண்டி வெயிலில் வைத்தால் போதும்.

கைப்பிடிப் பற்சக்கரத்தில் தண்ணீர் இறங்காமல் ஒரு துணி சுற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் போடும் கிரீஸ் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் போடும் கறுப்புக் கிரீஸ் ஒரு நாள் சொட்டத்தான் செய்யும்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணமும் நிறைந்தது. அதில் அலசி அப்படியே காயவிட்டால் எவர்சில்வரில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குடிநீரை ஒரு குடம் ஒதுக்குகிறோம்.

இனி உலர்த்துவது. எந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நீர் வடிந்ததும், காய்ந்த துணியால் துடைத்து, வாய் திறந்தபடி நல்ல வெயிலில் அரை நாள் வையுங்கள். பிறகு சுத்தமான வேட்டித் துணியால் வாயைக் கட்டி வீட்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை தேன் எடுக்கும் முதல்நாள் இரவு, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும், ஒரு காகிதத்தால் உள்ளே துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் தேன் ஊற்ற வேண்டாம். அறுவடைக்கு அன்று காலையில் எந்திரத்தைக் கழுவுவது எங்கள் வீட்டில் தடை.

கத்தி, துணி, தாம்பாளம்?

கத்தியும் தாம்பாளமும் அதே முறைதான். கத்தியில் மெழுகு உருகிப் பிடித்திருந்தால் செய்தித்தாளால் சூட்டோடு துடைத்துவிடுங்கள். வடிகட்டிய துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். மெழுகு கலந்த வெந்நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைக்கும். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. அது மரப்பிசினைக் கொண்டுவந்து எல்லா இடுக்கிலும் பூசும். எவர்சில்வரில் ஒட்டிய பிசினுக்கு வாஷிங் சோடா கரைத்த வெந்நீர் கேட்கும், அலுமினியத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். நம் இந்தியத் தேனீயிடம் அந்தப் பழக்கம் அநேகமாக இல்லை.

கழுவிய இனிப்புத் தண்ணீரை வீணாக்காமல் தேனீக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள். எத்தனை பேர் பாசத்தோடு இதைச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். திறந்து வைத்த தேன் தண்ணீர் முதலில் கொள்ளையைத் தூண்டும். அடுத்து நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1991இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. புழு தண்ணீர்ப்பை போல உப்பிச் செத்துக் கிடக்கும். அது இன்றும் அங்கங்கே தலைகாட்டுகிறது. கழுவிய தண்ணீரை மரத்தடியில் குழி எடுத்து ஊற்றி மண் மூடுங்கள்.

இரவல் எந்திரத்தில் உள்ள ஆபத்தும் இதுதான். இன்னொருவர் தோட்டத்துத் தேன் ஒட்டிய எந்திரத்தில் உங்கள் அடைகளைச் சுற்றி, அந்த அடைகளை உங்கள் பெட்டிக்கே திருப்பித் தருகிறீர்கள். வாங்கிய அன்றே மேலே சொன்னபடி கழுவி, முடிவில் கொதிநீர் ஊற்றி, உலர்த்திவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன்பும் அப்படியே. கொடுத்தவர் கழுவித்தான் தந்தார் என்பதால் விட்டுவிடாதீர்கள். பைப்புழு கண்ட பெட்டியிலிருந்து அந்த ஆண்டு தேன் எடுக்க வேண்டாம்.

சீவிய மூடிகளைத் தூக்கிப் போடுவதா?

ஐயோ, வேண்டாம். அதுதான் வீட்டில் உள்ளதிலேயே சுத்தமான மெழுகு. இரவு முழுவதும் சல்லடையில் வைத்தால் அதிலிருந்தே நல்ல தேன் வடியும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் மெழுகை வைக்காதீர்கள், தீப்பற்றும். துணியில் வடிகட்டி ஆறவிட்டால் மஞ்சள் வில்லையாக மேலே உறைந்து நிற்கும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிடலாம். அம்மா அதில் தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பாத வெடிப்புக்குக் களிம்பு செய்கிறார்.

தேன் உறைந்துவிட்டது. கலப்படமா?

இல்லை. தேனில் உள்ள குளுக்கோஸ் குளிரில் மணியாக உறையும். மார்கழி, தையில் ஓசூர், தளிப் பக்கம் இது சாதாரணம். கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிப் பற்ற வைப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது, இவை எதுவும் கலப்படத்தைக் கண்டுபிடிக்காது. ஆய்வகச் சோதனைதான் வழி.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்து இருக்கலாம். சேனை வைக்கும் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

முதல் ஆண்டு எவ்வளவு கிடைக்கும்? விற்கலாமா?

இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றில் நல்ல ஆண்டில் ஐந்திலிருந்து எட்டுக் கிலோ. முதல் ஆண்டில் இரண்டு கிலோ வந்தால்கூட மகிழுங்கள், குடும்பம் நிலைத்திருப்பதுதான் முக்கியம். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவியபின் வெயிலில் வைத்து, உள்ளே மூடுபனி இல்லாதபடி காய்ந்ததைப் பார்த்து நிரப்புங்கள். மூடியின் உள்ளே இருக்கும் அட்டை வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.